பரணில் இருக்கும் கேரம் போர்டு

திருநீற்றுப் புதன் காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வீடு வந்ததும் அப்பா செய்யும் முதல் வேலை கேரம் போர்டைப் பரணில் ஏற்றுவது. அதைப் பழைய வேட்டியில் சுற்றுவார். காய்களையும் போரிக் பவுடரையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவார். ஈஸ்டர் வரை தொடமாட்டார். தவக்காலத்தில் அம்மா கறி, மீனை விடுவார். நான் ஒவ்வோர் ஆண்டும் எதையாவது விடுவதாகச் சொல்லி, இரண்டாம் வாரத்தில் மறந்துவிடுவேன். அப்பாவுக்கு உண்மையாகவே பிடித்தது கேரம் ஒன்றுதான். அதனால் எங்கள் வீட்டில் அவருடைய ஒறுத்தல் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

அது இன்னொருவரையும் பட்டினி போட்டது. கணபதி என்ற எங்கள் பகுதியில் பக்கத்து வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். மாலையில் பட்டறையைப் பூட்டியதும் கையில் கிரீஸ் வாசனையோடு எங்கள் போர்டிகோவுக்கு வந்துவிடுவார். அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவர் அப்பாவை வாத்தியாரே என்பார். அப்பா அவரை முதலாளி என்பார். ஒருவரையொருவர் வையாமல் அவர்கள் ஆடி நான் பார்த்ததில்லை.

"காய் இங்க இருக்குதுங்க வாத்தியாரே. நீங்க துடியலூருக்கு அடிக்கறீங்க."

"இது என்ன உங்க பட்டறை இரும்பா முதலாளி? மெல்லத் தட்டுங்க. ஒடச்சுப்போட்டா நீங்கதான் வாங்கித் தரோணும்."

தவக்கால மாலைகளிலும் அவர் வருவார். காப்பி குடித்துவிட்டு, போர்டு இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

மனைவி இறந்த பிறகு அவர் பட்டறையையும் வீட்டையும் விற்றார். கிணத்துக்கடவில் மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவானது. கிளம்புவதற்குப் பங்குனியில் நல்ல நாள் பார்த்தார்கள். அது போன ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துத் திங்கட்கிழமையாக அமைந்தது. முந்தின மாலை, குருத்து ஞாயிறன்று, சாமான் கட்டிய களைப்போடு வந்தார்.

"வாத்தியாரே, ஒரே ஒரு போர்டு போடலாமுங்களா? காலைல கெளம்பறேன்."

"நோன்புங்க முதலாளி."

"தோத்துப்போவமுன்னு பயம். அதுக்கு நோன்புன்னு ஒரு பேரு. உங்க சாமி கேட்டா எம் பேரைச் சொல்லிப்போடுங்க, நான் பேசிக்கறேன்."

அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். "ஏனுங்க, ஞாயித்துக்கெழமை தவக்காலக் கணக்குல வராதுன்னு சாமியாரே பிரசங்கத்துல சொன்னாருங்க. போர்டை எறக்குங்க."

தகவல் சரிதான். அப்பாவுக்கும் அது தெரியும். திறந்திருந்த கதவு வழியே பரணை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு வாரந்தானுங்க. ஈஸ்டருக்கு மறுநாள் போர்டோட அங்கயே வாரேன்."

"வாங்க, வாங்க" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்தார்.

அப்பா சொன்னபடி செய்தார். நான் கார் ஓட்டினேன், போர்டு பின்சீட்டில் வந்தது. தென்னந்தோப்பு நடுவே வீடு. அவர் சலவை வேட்டி சட்டையில் வாசலிலேயே நின்றிருந்தார். மகளின் மாமனாரும் மாமியாரும் எழுந்து வந்து கும்பிட்டார்கள். இளநீர் வந்தது, பிறகு இலை போட்டார்கள். சாப்பாடு முடிந்து போர்டைக் கூடத்தில் வைத்ததும் வீட்டார் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"நீங்க மொதல்ல ஆடுங்க" என்றார் அவர்.

அப்பா தவறவிட்டார்.

"பரவாயில்லீங்க, நல்ல அடிதானுங்க."

அப்பா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். சம்பந்தி வீட்டுக் கூடத்தில், விருந்துக்கு வந்தவரை அவர் எப்படி வைவார்? அப்பாதான் ஒருமுறை முயன்றார். "என்ன முதலாளி, கெணத்துக்கடவுக் காத்து கையைக் கட்டிப்போட்டுதா?" அவர் லேசாகச் சிரித்துவிட்டு மகளின் மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். பட்டறையை விற்றுவிட்டவரை யாரும் அங்கே முதலாளி என்று கூப்பிட்டிருக்கமாட்டார்கள். கடைசியில் சிவப்புக் காய் குழி ஓரத்தில் நின்றது. அது அவருடைய ஆட்டம். தொட்டால் விழும். அவர் அதை விட்டுவிட்டு வேறொரு காயைத் தட்டினார். அப்பா ஜெயித்தார். வீட்டார் கைதட்டினார்கள்.

திரும்பும் வழியில், ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் அப்பா சொன்னார்.

"அந்த ஞாயித்துக்கெழமை ஆடியிருக்கோணும்."

"ஆடியிருந்தா மட்டும் அவரு போகாம இருந்திருப்பாரா?" என்றேன்.

"போயிருப்பாரு. போறப்ப என்னைய நல்லா வைதுபோட்டுப் போயிருப்பாரு."

வீட்டுக்கு வந்ததும் போர்டை வேட்டியில் சுற்றி அவரே பரணில் வைத்தார். ஈஸ்டர் காலத்தில் அது மேலே போனது அதுவே முதல் முறை. அதன் பிறகு அவர்கள் மாதம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள். மழை, உடம்பு, தேங்காய் விலை. மிகவும் மரியாதையான பேச்சு.

இந்த ஆண்டு திருநீற்றுப் புதனன்று பூசை முடிந்து வந்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். செய்ய வேலை எதுவும் இல்லை.

"இந்த வருசம் எதை விடறீங்க?" என்று அம்மா கேட்டார்.

அப்பா பரணைப் பார்த்தார். சாம்பல் நெற்றியிலிருந்து மூக்கில் உதிர்ந்திருந்தது.

"காப்பியை விட்டர்றேன்" என்றார்.