கீழ்வீட்டுப் பிள்ளையின் கறுப்புக் கோட்

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் சாந்தினியின் மகள், போன வருடம் நுகேகொடையில் ஒரு தனியார் கல்லூரியில் சட்ட ஆய்வுப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

என் மகளுக்கும் அதே படிப்பில்தான் ஆசை. அரச பல்கலைக்கழகம் ஒன்றில் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம் என்று அவளே தேடிப் பிடித்து வந்தாள்.

"மலிவுப் படிப்பு வேண்டாம். கீழ்வீட்டுப் பிள்ளை போற இடத்துக்குத்தான் நீயும் போறாய்" என்றேன். சாந்தினியிடம் ஒரு வார்த்தை விசாரிக்க மட்டும் என் வீறாப்பு விடவில்லை.

மகளைப் பதியப் போன அன்று, கல்லூரி அலுவலகத்தில் சாந்தினி சத்தம் போட்டுக்கொண்டு நின்றாள். "ஒரு வருசமாச்சு. வழக்குத் தீர்ப்புகள் தேடிப் படிக்க ஒரு லைப்ரரி இல்லை. என்ன ஆராய்ச்சிப் படிப்பு இது? பிள்ளையை நிப்பாட்டப் போறன்!"

திரும்பியவள் என்னைக் கண்டு திகைத்தாள். "அக்கா, என்னட்ட முதலே கேட்டிருக்கலாமெல்லோ?"

"கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீரோ?"

கொஞ்சம் யோசித்தாள். "சொல்லியிருக்க மாட்டன்."

மகளைப் பதியாமலே, சாந்தினியோடு ஒரே ஓட்டோவில் வீடு திரும்பினேன். பிள்ளைகள் இருவரும் இப்போது அந்த அரச பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறார்கள்.

இப்போதெல்லாம் எந்தப் படிப்பென்றாலும், முதலில் நூலகத்தைக் காட்டச் சொல்கிறேன். அங்கே படிக்கும் பிள்ளையின் தாயிடமும் நேரே விசாரித்துவிடுகிறேன். அந்தப் பழக்கத்தில், முதல் பரீட்சையில் எங்கள் பிள்ளைகளில் யாருக்குப் புள்ளிகள் கூட என்று சாந்தினியிடமே கேட்டேன்.

இந்த முறை அவள் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்.