விதைக்கு விட்ட புழு

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை குடிதண்ணீர் வந்த காலம். எங்கள் முதலாளி வீட்டுக்கோ வாரம் தவறாமல் கடல் தண்ணீர் வந்தது. தீப்பெட்டிக் கட்டு ஏற்றித் தூத்துக்குடி போகும் வேன், திரும்பும்போது கேன் கேனாகக் கடலை ஏற்றிக்கொண்டு வரும். குடத்தோடு குழாயடியில் நிற்கும் என் வீட்டுக்காரி வேனைப் பார்த்து, "குடிக்க வழியில்ல, குளத்து மீனுக்கு இல்லாத சீரு கடல் மீனுக்கு" என்பாள். ஆனால் அந்த வேனில்தான் என் பிழைப்பும் வந்துகொண்டிருந்தது.

முதலாளி வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். உள்ளே கடலில் எடுத்த கற்கள். கல்லின் மேல் பூப்போல விரிந்து சுருங்கும் உயிர்கள். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ரெண்டு. எல்லாம் சென்னைக் கடை ஒன்றிலிருந்து வந்தவை. தண்ணீர் சூடானால் எல்லாம் செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதால், அந்த அறைக்கு ஏசி போட்டிருந்தார் முதலாளி.

நான் அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் மருந்து அறையில் இருந்தேன். குச்சித் தலைக்கு வைக்கும் மருந்தைக் கலக்கும் இடம். அந்தப் பொடியில் எனக்கு இளைப்பு வந்துவிட்டது. நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் நின்றுவிடுவேன்.

ஒருநாள் தொட்டிக் கண்ணாடியில் துரு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தகரத்தைச் சுரண்டிப் போட்டதுபோல. ஒவ்வொன்றும் குச்சித் தலை அளவு. கிட்டே போனால் நகர்ந்தது. சென்னைக்குப் போன் போட்டார் முதலாளி. தட்டைப்புழு என்றார்களாம். கல்லை மூடிவிடும், கல்லில் இருக்கும் உயிரும் போய்விடும். தினமும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள் என்றார்களாம்.

முதலாளி மேஸ்திரியிடம் ஆள் கேட்டார். மேஸ்திரி என்னை அனுப்பினார். மருந்து அறையில் இருமிக்கொண்டே நிற்பவன் போனால் அங்கே ஒன்றும் குறையாது என்று நினைத்திருப்பார். மூச்சு இல்லாதவனுக்கு உறிஞ்சுகிற வேலை.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும் குழாய்தான் கருவி. ஒரு முனை தண்ணீருக்குள், மறுமுனை என் வாயில். ஒரு இழுப்பு. தண்ணீர் தானாக ஓட ஆரம்பித்ததும் வாயை எடுத்துவிட்டுக் குழாயை வாளிக்குள் விட வேண்டும். எடுக்கப் பிந்தினால் வாயெல்லாம் உப்பு. புழுவும் வரும். ருசி ஒன்றும் இல்லை.

முதல் வாரம் உண்மையாகத்தான் உறிஞ்சினேன். இரண்டாவது வாரம், முன்னறைக்கு ஏறும் ஆறு படியையும் நிற்காமல் ஏறினேன். ஏறிய பிறகுதான் கவனித்தேன். இருமல் இல்லை. பொடி இல்லாத காற்று; மீனுக்குப் போட்ட குளிர் எனக்கும் சேர்ந்தே அடித்திருக்கிறது. புழு தீர்ந்தால் மறுநாள் மருந்து அறை. அதுவும் அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து பின் மூலையில் பெரிய கல்லுக்கு அடியில் கொஞ்சம் விட்டுவைத்தேன். எங்கள் வீட்டில் ஆடு விற்கும்போது மொத்தத்தையும் விற்கமாட்டோம். விதைக்கு நாலு நிறுத்துவோம். அந்தப் பழக்கம். முன்பக்கம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். நாலு நாளில் பின்னாலிருந்து வந்து சேர்ந்துவிடும். முதலாளி பார்த்து, "இது என்னலே, எடுக்க எடுக்க வருது" என்பார்.

"அது சாதி அப்படி மொதலாளி" என்பேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அப்புறம் என் அண்ணன் வந்தான்.

எங்களுக்கு ஊர் எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம். ஆடுதான் குடும்பத் தொழில். அண்ணன் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஆடு கொண்டுவந்தவன், அப்படியே என்னைப் பார்க்க வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அறைக்குள் வந்து, குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டான்.

"ஏலே, என்ன செய்யுத?"

"புழு எடுக்கேன்."

"ஆடு மேய்க்க மாட்டேன்னு ஊரை விட்டு வந்தவன் புழு மேய்க்கியாக்கும்."

"சத்தம் போடாத."

அவன் குனிந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தான். ஆட்டுக்காரன் கண். நேரே பின் மூலைக்குப் போனது. "பின்னால ஒரு கிடையே போட்டு வச்சிருக்கியேடா" என்றான்.

அவன் வாய் மூடுமுன் முதலாளி உள்ளே வந்தார். அண்ணன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். நான் கண்ணைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

"மொதலாளி, இது நம்ம ஆட்டு ஈரல்ல கெடக்குமே, அந்தச் சாதிதான். ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊத்துவோம்லா, அதுல ரெண்டு மூடி ஊத்துனா தீந்துச்சு."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீயும் ஆட்டுக்காரன்தானலே. ஒனக்குத் தெரியாதா?"

"ஆட்டுக்குத் தெரியும் மொதலாளி. மீனுக்குத் தெரியாது."

"அடுத்த சனிக்கிழம கொண்டா" என்று அண்ணனிடம் சொன்னார். "ரெண்டு மூடி என்ன, பாட்டிலோட ஊத்திருவோம்."

தெருவுக்கு வந்ததும் அண்ணனிடம் என் இளைப்பைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "மொதல்லயே சொல்லித் தொலைக்கப்படாதா?" என்றான். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றான். "புழு நெறஞ்ச ஆட்டுக்கு ஊத்துனா என்னாவும்னு ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும். அத்தனையும் ஒன்றாகச் செத்து, ஆட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். தொட்டியும் அப்படித்தான். அதில் நிறைத்து வைத்திருந்தது நான்.

எனக்கு ஆறு நாள் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். மீன் செத்தாலும் மருந்து அறை, பிழைத்தாலும் மருந்து அறை. ஆனால் அந்த மீன்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியில் விரல் வைத்தால் வந்து பார்க்கும். ஆறு நாளும் உறிஞ்சினேன். கல்லைத் தூக்கி அடியில், பின் மூலையில், சந்து பொந்தில். முதல் வாரத்துக்குப் பிறகு அந்த ஆறு நாள்தான் வாங்கிய சம்பளத்துக்கு வேலை பார்த்தேன்.

சனிக்கிழமை பாட்டில் வந்தது. முதலாளி கையால் ஊற்ற ஆசைப்பட்டார். அண்ணன் விடவில்லை. ரெண்டு மூடிதான். அரை மணி நேரத்தில் மிச்சம் மீதிப் புழுவெல்லாம் சுருண்டு உதிர்ந்தது. உதிர உதிர உறிஞ்சினேன். கேன் கேனாகப் பழைய தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் மீன் ரெண்டும் தீனிக்கு மேலே வந்தன.

முதலாளிக்குச் சந்தோஷம். அண்ணனுக்குக் கடம்பூர் போளி ஒரு பொட்டலம் கொடுத்தார். மீதி மருந்தை அலமாரியில் வைத்தார். என்னிடம், "திங்கக்கெழம ஆபீஸுக்கு வந்துரு" என்றார். போளியில் பாதியை அண்ணன் என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

மருந்து அறையில் மூன்றாவது வாரம் இளைப்பு திரும்பியது.

ஐப்பசி மழையின்போது சென்னையிலிருந்து புதுக் கல் வந்ததாம். பத்து நாளில் முதலாளி ஆளனுப்பினார். போனேன். அந்த ஆறு படியில் இரண்டு இடத்தில் நின்றேன். அவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் துரு. நான் விட்டதல்ல. கல்லோடு வந்தது.

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்னும் இருக்கு. ஊத்தலாமா?"

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அது அவருக்கும் தெரியும்.

"தேதி முடிஞ்சிருச்சு மொதலாளி" என்றேன்.

பாட்டிலைத் திரும்ப வாங்கினார். தேதியைப் பார்க்கவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினார். குழாயை எடுத்து நீட்டினார்.

"பின் மூலையில மட்டும் கை வைக்காத. அங்கன மீன் முட்ட போட்டுருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குனிந்து பார்த்தேன். முட்டை ஒன்றும் இல்லை.