விலைவாசி அண்ணனின் மாற்றுப் பொருள்

என் அண்ணனைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தலை தெரிந்தால் போதும், "விலைவாசி வந்தாச்சு" என்பார்கள். படியேறினால், "பாருங்கய்யா, விலைவாசி ஏறுது" என்று ஒரு சிரிப்பு. அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். புள்ளிவிவர அலுவலகத்தில் விலை சேகரிப்பது அவர் வேலை. மாதாமாதம் அதே கடைகளுக்குப் போய், அதே கம்பெனியின் அதே எடையுள்ள பொருள் இன்றைக்கு என்ன விலை என்று எழுதிவர வேண்டும்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. தேடிப்போன பொருள் கடையில் இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அதே தரத்தில் பக்கத்தில் இருப்பதன் விலையை எழுதி, "மாற்றுப் பொருள்" என்று குறித்து, காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். மேலிடத்திலிருந்து பதில் வராது. வரவில்லை என்றால் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அண்ணி குக்கருக்கு ரப்பர் வளையம் கேட்டால், அந்த அளவு கிடைக்கவில்லையென்று ஏறக்குறைய அதே அளவில் ஒன்றோடு வந்து நிற்பார்.

"ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சம்தான் வித்தியாசம்."

"அந்தக் கொஞ்சம் வழியாத்தான் ஆவி பூரா போகுது. உங்க ஆபீஸ் ரூல் எல்லாம் குக்கருக்குத் தெரியாதுங்க" என்பார் அண்ணி.

வருடக்கணக்காக நடந்து நடந்து அண்ணனின் இரண்டு முழங்காலும் கெட்டுப்போயின. இப்படியே அலைந்தால் பிறகு கோலூன்றித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அண்ணனின் அனுபவத்துக்கு ஏற்றபடி நாற்காலியில் உட்காரும் வேலை ஒன்றே ஒன்றுதான் அலுவலகத்தில் இருந்தது. கொண்டுவரும் விலைகளை வைத்துக் கணக்குப் போடும் பொருளாதார உதவியாளர் வேலை. அதற்குத் தொழில்முறைப் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும். அண்ணனிடம் இருந்ததோ பழைய வணிகவியல் பட்டம்.

வேலையில் இருப்பவர்களுக்காகவே அந்தப் படிப்பை மாலை நேரத்தில் நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. சேர்வதற்கு என்னென்ன வேண்டும் என்று நான்தான் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். ஏதாவது ஒரு பட்டம், இருந்தது. துறையில் அனுபவம், வேண்டிய அளவுக்கு இருந்தது. அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதை ஊழியர் ஒருவருக்குப் பணிக்காலத்தில் ஒருமுறைதான் தருவார்கள். அண்ணன் ஒற்றைக்காலில் நின்று வாங்கிவிட்டார். கடைசி வருடம் சொந்த அலுவலகத்திலேயே ஒரு ஆய்வு செய்ய வேண்டும் என்று இருந்ததைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதை இப்பவே செஞ்சு குடுத்துடுவேன்" என்றார்.

பட்டப்படிப்பில் நுண்கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற இடத்தில்தான் இடித்தது. வகுப்பு தொடங்குமுன் கணித முன்தயாரிப்பு வகுப்பில் தேறிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்தார்கள். அந்த வகுப்போ விலை எடுக்கும் நாட்களின் காலையில் வந்து விழுந்தது. நாட்களை மாற்றித் தரச் சொல்லி மேலதிகாரியிடம் கெஞ்சினார். "உங்களுக்காகச் சந்தையை மத்தியானம் திறக்கச் சொல்லவா?" என்றார் அவர். அதே கட்டடத்தில் சனிக்கிழமைகளில் புள்ளியியல் முன்தயாரிப்பு வகுப்பு நடந்தது. நேரம் பொருந்தியது. பாடம் நடத்தியவரும் அதே ஆசிரியர்தான். அண்ணன் அதில் சேர்ந்துவிட்டு, கணித வகுப்புக்கு வர இயலாததால் அதற்கு இணையான இதைப் படிப்பதாகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டார்.

பதில் வரவில்லை. அண்ணன் நிம்மதியானார்.

பாடத்தைக் கரைத்துக் குடித்தார். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். புதிதாக ஒரு தோள்பை கூட வாங்கினார். சேர்க்கை நாளன்று நானும் துணைக்குப் போனேன், லிஃப்ட் இல்லாத கட்டடம். படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியை சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல மார்க்குங்க. கணிதச் சான்றிதழ் எங்க?"

"அதுக்கு மாத்தாத்தான் மேடம் இது. லெட்டர் போட்டிருந்தேன். பதில் வரலையே, அதனால சரின்னு..."

அவர் கோப்பைப் புரட்டினார். கடிதம் பத்திரமாக அங்கேயே இருந்தது. "யாரும் பிரிச்சே பாக்கலை போலிருக்கு. மன்னிச்சிடுங்க. ஆனா முதல் மாசத்துல இருந்தே எல்லாம் நுண்கணிதம்தான். இதை வச்சு உங்களால அங்க உக்கார முடியாதுங்க. நான் விட்டாலும் குழு விடாது. அடுத்த வருஷம் வாங்க, கண்டிப்பா எடுத்துக்கறேன்."

"அடுத்த வருஷம் எனக்கு ஆபீஸ்ல லெட்டர் தர மாட்டாங்க மேடம்."

அவர் எங்களுக்கு முன்னாலேயே அண்ணனின் அலுவலகத்துக்குப் போன் போட்டு வாதாடினார். அந்தப் பக்கம் விதி விதிதான் என்றார்கள். எனக்கு வாய் நீளம், சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் யாரோடு போடுவது? அந்த அம்மாவுக்கே கண் கலங்கியிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடிக்கவைத்து அண்ணனை இறக்கிக் கூட்டிவந்தேன். பாதிப் படியில் அவர் நின்று, "என் இடத்துக்குக் காத்திருக்கறவங்கள்ல ஒருத்தரைப் போட்டுடுவாங்க, இல்ல?" என்று கேட்டார். நான் அவருடைய தோள்பையை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. விலை எடுக்கும் நாள், விடுப்பு கிடையாது. நான் லீவு போட்டுவிட்டு அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். மூன்றாவது கடையில் அவர் வழக்கமாக விலை எழுதும் சோப்பு இல்லை. கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டினார்.

"அது இனிமே வராதாம். இதை எழுதிக்கோங்கண்ணே. ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணன் அந்தச் சோப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு இல்லைப்பா" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"அப்ப எழுத வேணாமாண்ணே?"

"எழுதாம விட முடியாதே" என்று சொல்லி, அண்ணன் மாற்றுப் பொருள் என்று குறித்து விலையை எழுதினார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடையின் படியில் கால் வைத்தார். உள்ளேயிருந்து யாரோ, "விலைவாசி ஏறுதுடோய்" என்று சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.