மூன்று தட்டு, இரண்டு தட்டு

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதெல்லாம் பனைமரத்தில்தான் குடியிருக்கும் என்பார்கள். இருபத்தாறு வருஷம் பனை ஏறியிருக்கிறேன், காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். மரத்து உச்சியில் ஓணான் பார்த்திருக்கிறேன், குளவிக்கூடு பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை பாம்பு பார்த்திருக்கிறேன். வேறு எதுவும் அங்கே கிடையாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், நம்புங்கள் என்று கெஞ்சுகிற வயசும் எனக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் விழுப்புரத்தை அடுத்த கெடாருக்குப் பக்கம். ஏரிக்கரை முழுக்கப் பனை. பாளையைச் சீவிக் கலயம் கட்டி, பதநீர் இறக்கி, காய்ச்சி வெல்லமாக்கி விற்பதுதான் பிழைப்பு. பாளையை இரண்டு வேளையும் சீவியாக வேண்டும். இரண்டு நாள் விட்டால் வாய் காய்ந்து மூடிக்கொள்ளும், அதோடு அந்தப் பாளை போயிற்று. அதனால் காய்ச்சலானாலும் ஏறுவோம்.

என் தம்பி முனுசாமி என்னைவிட ஆறு வயசு சின்னவன். ஏறுவதில் எங்களில் ஒருவனும் அவனுக்கு ஈடில்லை. நான் ஒரு மரத்தில் கலயத்தை அவிழ்ப்பதற்குள் அவன் இறங்கி அடுத்த மரத்தின் பாதிக்குப் போயிருப்பான். பேச்சு மட்டும் கிடையாது, எது கேட்டாலும் ஒரு சிரிப்போடு சரி. சீனாக்காரன் சண்டை முடிந்த மறு வருஷம் விழுப்புரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பெண்டாட்டி அஞ்சலையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். பருவம் முடிந்து ஆறு மாசம் சும்மா உட்கார்ந்திருக்கிற பிழைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

வடக்கே எங்கேயோ மலையில் இருந்தான். நாலு வரிக் கடுதாசி வரும். ஒன்றில் இப்படி எழுதியிருந்தான்: பனிக்கட்டிச் சுவரில் ஏறுகிறேன், பூட்ஸில் இரும்புப் பல் கட்டிக்கொண்டு கோடாலியால் குத்திக் குத்தி ஏற வேண்டும், நான்தான் முன்னால் போய் மற்றவர்களுக்குக் கயிறு கட்டுகிறேன், மரம் மாதிரிதான், ஆனால் தொட்டால் கை எரிகிறது. கட்டி கட்டியாய்க் குளிர்ந்துபோன ஒன்று எப்படிக் கையை எரிக்கும் என்று அஞ்சலை என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் மரத்து மேல் ஒருவனுக்குக் காலில் மாட்டி ஏறுகிற நார்க் கால்தளை அறுந்தாலோ, கை பிடித்துக்கொண்டாலோ கத்தமாட்டான். காற்றில் குரல் போகாது. பாளைக்கத்தியின் பின்பக்கத்தால் காய்ந்த மட்டையில் மூன்று தட்டு தட்டுவான். சிக்கிக்கொண்டேன், வாங்க என்று அர்த்தம். காதில் விழுந்தவன் இரண்டு தட்டு தட்டுவான். வர்றேன் என்று அர்த்தம். எங்கள் ஊரைத் தாண்டினால் இது யாருக்கும் தெரியாது.

அது பங்குனி மாசம், வெள்ளிக்கிழமை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. நான் மரத்து மேல் இருந்தேன். டொக், டொக், டொக் என்று கேட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்து மறுபடி மூன்று. எங்கள் எல்லோரிலும் மூத்தவர் தாண்டவராயன் மாமா, அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். மட்டையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கினேன். இறங்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது. பதட்டமே இல்லை அந்தத் தட்டில். மூன்று, அப்புறம் இடைவெளி, மறுபடி மூன்று.

கீழே வந்தால் தாண்டவராயன் மாமாவும் தன் மரத்திலிருந்து இறங்கி ஓடிவருகிறார், என்னைத் தேடி. ஒவ்வொருவனும் இன்னொருவனுக்காக இறங்கி வந்திருந்தான். எண்ணிப் பார்த்தோம். ஏழு பேரும் தரையில் இருந்தோம். ஏரிக்கரையில் ஏறுகிறவர்கள் அந்த ஏழு பேர்தான்.

அஞ்சலை பதநீர் எடுத்துப்போகக் குடத்தோடு வந்திருந்தாள். எல்லோரும் கூடி நிற்பதைக் கண்டு அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"மேல ஆருன்னா கீறாங்களா மாமா?"

"ஒருத்தனும் இல்ல. எல்லாம் இங்கதான் கீறோம்."

"அப்ப தட்டிக்கினு கீறது?"

சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஆளுக்கொரு திசையைக் காட்டினோம். மரங்கொத்தியாக இருக்கும் என்று ஒருவன் சொன்னான். மரங்கொத்தி மூன்று கொத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காது, அது சொன்னவனுக்கும் தெரியும். பிறகு சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். வெயில் இன்னும் ஏறினால் பதநீர் புளித்துப்போகும், பாதி மரம் பாக்கி. அவரவர் மரத்துக்குப் போனோம். இவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் தந்தி வந்தது. கெடாரிலிருந்து கொண்டுவந்த போஸ்ட்மேனே படித்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பனிச்சரிவில் முனுசாமி இறந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை.

"பனிச்சரிவுன்னா இன்னாங்க?" என்று கேட்டேன்.

"மலை மேலேந்து பனி மொத்தமா சரிஞ்சி வுழுந்துச்சாம்பா."

தாண்டவராயன் மாமா திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "பனி வுழுந்து ஆளு சாவுமா? மார்கழில நம்ம தலைல வுழுவுதே, அந்தப் பனியா?" போஸ்ட்மேனுக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அஞ்சலை அழக்கூட இல்லை. தந்தியைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாதவள், எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரம் ஏறுகிறவன் செத்தால் மூன்று நாள் ஊரில் ஒருவனும் மரம் தொடக்கூடாது. முனுசாமியோ மரத்தை விட்டுப் போனவன். பருவம் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. மூன்று நாள் விட்டால் எத்தனை குடும்பத்துக்கு அடி என்று எனக்குத் தெரியும். செத்தவனின் அண்ணன் நானே தாண்டவராயன் மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"பாளையெல்லாம் காஞ்சிபூடும் மாமா. ஒரு நாளு போதும். அவன்தான் மரத்த உட்டுட்டுப் போய்ட்டானே."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏறிக்கினு இருக்கசொல்லதான செத்தான். எதுல ஏறினா இன்னா? மூணு நாளு."

மூன்று நாளும் ஒருவரும் ஏறவில்லை. பாதிக்கு மேல் பாளை காய்ந்துபோனது. ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி.

காரியத்தன்று முகையூர்ப் பக்கத்திலிருந்தும் மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்தும் பனையேறிகள் வந்தார்கள். முனுசாமியைப் பார்த்தே இராதவர்களும் வந்தார்கள். எல்லோருடைய நெஞ்சிலும் முழங்கையிலும் மரம் தேய்த்த காய்ப்பு. வந்து உட்கார்ந்தார்கள். உடம்பு இல்லாத சாவுக்கு என்ன சொல்லி அழுவது என்று பெண்களுக்கும் தெரியவில்லை. கூரையில் செருகிக் கிடந்த அவனுடைய பழைய கால்தளையை எடுத்துப் பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கொளுத்தினோம். நார்தானே, வெந்து முடிய எவ்வளவு நேரமாகும்.

ஆடி மாசம் திண்டிவனத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது. அந்தோணி என்று ஒருவன், முனுசாமியோடு மலையில் இருந்தவன், காலில் அடிபட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான், நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தான். அஞ்சலையும் வருகிறேன் என்றாள். விழுப்புரத்தில் ரயில் ஏறிப் போனோம்.

அந்தோணிக்கு இடது காலில் விரல்கள் இல்லை. குளிர் தின்றுவிட்டது என்றான். அவன் அம்மா அஞ்சலையை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்தோம்.

"ஆனி மாசம் பனி உருகனப்ப உடம்பு கெடச்சிதுண்ணே. அங்கயே எரிச்சிட்டாங்க. உங்களுக்குக் கடுதாசி வரும். டாக்டர் பாத்துட்டு, கழுத்து முறிஞ்சிருக்கு, சரிஞ்ச நிமிஷமே உசுரு பூட்ச்சின்னாரு. வலியே தெரிஞ்சிருக்காதாம்."

செவ்வாய்க்கிழமையே. அப்படியானால் வெள்ளிக்கிழமை தட்டியது அவன் இல்லை. இத்தனை மாசத்தில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டேன்.

அவன் உள்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொன்னு சொல்லணும். அண்ணி எதிர்ல வேணாம். நாங்க நாலு நாளு தோண்டினோம். வெள்ளிக்கெழம காலைல பனிக்கு அடிலேந்து தட்ற சத்தம் கேட்டுச்சி. மூணு தட்டு. கொஞ்சம் உட்டு மறுபடி மூணு. உசுரோட கீறான்னு சொல்லிப் பேய் மாதிரி தோண்டினோம். சாயங்காலம் வரைக்கும் தோண்டியும் அங்க ஒன்னுமே இல்லண்ணே. அப்புறம் உடம்பு கெடச்சது அந்த எடத்துலேந்து அரை மைலு கீழ."

அவன் கட்டிலில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

"மூணு தட்டு எல்லாருந்தான் கேட்டோம். ஆனா எனக்கு மட்டும் நடுவுல வேற ஒன்னு கேட்டுச்சி. எங்கியோ தூரத்துலேந்து ரெண்டே ரெண்டு தட்டு, பதில் சொல்ற மாதிரி. அதுக்கப்புறம் கொஞ்ச நேரந்தான், மூணு தட்டும் நின்னுபூட்ச்சி. அதுக்கு எதுனா அர்த்தம் கீதாண்ணே? உங்க ஊருல?"

"தெரியலப்பா" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் என்று கண்டுபிடித்திருப்பான். அதற்குமேல் கேட்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. அஞ்சலை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மயிலம் தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னா சொன்னாரு மாமா?"

"செவ்வாக்கெழமயே, அந்த நிமிஷமே போய்ட்டானாம். வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்மா."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப வெள்ளிக்கெழம நம்மகிட்ட வந்து தட்னது ஆரு மாமா?"

அந்தோணி என்னிடம் சொன்னது எதுவும் அவள் காதில் விழுந்திருக்க முடியாது. உள்ளே அந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். விழுப்புரம் வந்ததும் அவளுக்கு முன்னால் இறங்கி நடந்தேன். அவள் செத்தும் பல வருஷம் ஆகிறது.

டாக்டர் சொன்னது சரி என்றால், தட்டியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. தட்டியது அவன்தான் என்றால், மூன்று நாள் அந்தக் குளிருக்குள் உயிரோடு கிடந்திருக்கிறான், நான் வர்றேன் என்று பதில் சொல்லிவிட்டுப் போய் என் கலயத்தை இறக்கியிருக்கிறேன். இந்த இரண்டில் எது நிஜமாக இருந்தால் தேவலை என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது.