திரையைப் பார்த்து வாங்கிய கார்

சென்ற வருடம் ஐப்பசி மாதம், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அங்கே இருந்த என் மனைவியின் அக்கா வீட்டுக்கு, நாங்கள் வாங்கிய காரைக் காட்டப் போயிருந்தோம்.

நான் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவன். பதினெட்டு வருடம் அந்த மலைப்பாதையில் அலுக்காமல் ஓடிய வேனை விற்றுவிட்டு, ஜப்பானில் ஓடி வந்த, பெட்டரியிலும் ஓடும் இந்தக் காரை எடுத்தேன். பெரிய திரை, பின்னால் கமரா, பளபளக்கும் நிறம். நான் பார்த்தது அவ்வளவுதான்.

"நம்ம மலைக்கு இது தாங்குமாங்க?" என்று மனைவி கேட்டாள். சிரித்துவிட்டேன்.

அன்று அக்கா கொழுந்து எடுக்கப் போயிருந்தார். பத்து மணி இருக்கும், குளவிக்கூடு கலைந்து கொட்டிவிட்டது என்று நான்கு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. பின் சீட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

பாலம் தாண்டி ஒரு ஏற்றம். பாதியில் கார் நின்றுவிட்டது. திரை முழுக்க ஜப்பான் எழுத்து. என்ன கோளாறு என்று படிக்கக்கூட முடியவில்லை. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். தள்ளியும் சக்கரம் அசையவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

"அக்காவுக்கு மூச்சு இழுக்குதுங்க, ஏதாவது செய்யுங்க!" என்று மனைவி கதறினாள். கதவைப் பிடித்தபடி நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு கொழுந்து லொறி வந்தது. முன்பின் தெரியாத சிங்கள டிரைவர் மூட்டைகளை ரோட்டோரம் தள்ளி இடம் செய்தார். "கொழுந்து கிடக்கட்டும், ஆளத் தூக்குங்க" என்று தமிழிலேயே சொன்னார். அந்தப் பழைய லொறி உறுமிக்கொண்டு ஏறியது. ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அக்காவுக்கு உயிர் இல்லை.

பெட்டரிக்குக் காற்றுப் போகும் வழி தூசியில் அடைத்து, சூடேறி நின்றுவிட்டதாம். கராஜ்காரர் சொன்னார்: "முந்தி வண்டி வாங்க வாறவங்க குனிஞ்சு அடியப் பார்ப்பாங்க. இப்ப ஸ்கிரீன் எவ்வளவு பெரிசுன்னுதான் கேக்குறாங்க. செய்யிறவனும் அதத்தான் செஞ்சு குடுக்குறான்."

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு மனைவி பஸ்ஸில் போனாள். இதுவரை அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊரார் பார்க்க வண்டி வாங்கிய நான், அது ஒருநாள் யாரைச் சுமக்க வேண்டிவரும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையே என்ற கசப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.