சுமைக்கு வழி

பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டிக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்தில் நான் கண்ட அதிசயம், நடப்பதற்காகக் காரில் வருகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் வாய்க்கால் கரையோரம் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். தென்னந்தோப்புக்காரர்கள் இறங்குவார்கள். காலில் வெள்ளை ஷூ, கையில் அடி எண்ணும் கடிகாரம். மதகு வரை நடப்பார்கள், திரும்புவார்கள், பிறகு காரில் ஏறி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போவார்கள். அதே நேரம் அதே கரையில் அவர்கள் தோப்பு ஆள் தேங்காய் மூட்டை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். அவர் நடப்பது நடையில் சேர்த்தி இல்லை.

நான் இடுக்கி மலையில் பள்ளிவாசல் என்கிற ஊர்ப்பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், கூலி வேலை செய்கிற வீட்டில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவன். இங்கே ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். இடுக்கியிலிருந்து பாலக்காட்டுக்கு வந்ததையெல்லாம் புலம்பெயர்வு என்று எழுதினால், வளைகுடாவில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மலையில் பிறந்தவனுக்குச் சமதரையே அந்நிய நாடுதான். இங்கே ‘ங்க’ போடாமல் பேசினால் சண்டைக்கு வந்தவனைப் போலப் பார்க்கிறார்கள்.

நாச்சிமுத்து என்கிற தோப்புக்காரர் ஒருநாள் என் காலையே உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க மாஷே, கெண்டைக்கால் இப்படிக் கல்லாட்டம் இருக்குது. எந்த ஜிம்முங்க?”

“ஜிம்மெல்லாம் இல்ல சார். அம்மாவுக்குச் சோறு கொண்டுக்கிட்டுத் தேயிலைக் காட்டுல ஏறி எறங்குனதுதான்.”

“அட, ட்ரெக்கிங்குன்னு சொல்லுங்க! அதுக்கு நாங்க ரூம் போட்டுக் காசு குடுக்கறமுங்க. நீங்க ஓசியிலயே பண்ணிப்போட்டீங்க. குடுத்து வெச்சவருங்க!”

மனதாரத்தான் பொறாமைப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் கூட்டமாகச் சேர்ந்து எங்கள் மலைக்கே ஓட வந்தார்கள் ஒரு வருடம், நான் இங்கே வருவதற்கு முன்பு. மலையோட்டப் போட்டி என்று பெயர். கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கினார்கள். எங்கள் பாட்டன்மார் மண்வெட்டியால் போட்ட பாதையில் நின்று இரு கையையும் விரித்து ‘இயற்கை, இயற்கை’ என்றார்கள். எஸ்டேட் பையன்களான எங்களுக்கு ஆளுக்கொரு பனியனைக் கொடுத்துத் தண்ணீர் பாட்டிலோடு வழியில் நிறுத்தினார்கள். கை தட்டவும் சொன்னார்கள்.

என் தங்கை செல்வி ஓடுகிறவர்களில் ஒருத்தி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பெண்களில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஹாஸ்டலில் சேர்த்துக்கொள்வதாக, போட்டிக்கு வந்திருந்த கோச் சொல்லியிருந்தார். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கே. இல்லையென்றால் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான். நான் நின்றது கடைசி ஏற்றத்தின் வளைவில். பெண்களில் முதல் ஆளாகச் செல்விதான் வந்தாள். பின்னால் வந்தவர்கள் கீழே பொம்மை மாதிரித் தெரிந்தார்கள். அண்ணனாக இல்லாவிட்டாலும் அந்த ஓட்டத்தைப் பார்த்து நான் கத்தியிருப்பேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து முற்றுகிற காலத்தில் எங்களுக்கு ஞாயிறும் வேலைதான். மேலே எடுத்து முடித்த பெண்கள், தலையில் கொழுந்துச் சாக்கோடு எடை போட இறங்கி வந்தார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற ஒற்றையடிப் பாதை. எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. யாரும் சொல்லித் தருவதில்லை, நடக்கப் பழகும்போதே காலில் ஏறிவிடும். சுமை வந்தால் வெறுங்கை ஒதுங்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் சாக்குக்காரி நிற்கமாட்டாள். சரிவில் நின்றால் கழுத்து முறியும்.

செல்வி சட்டென்று செடிக்குள் இறங்கி நின்றாள்.

முன்னால் வந்த முத்தம்மா அக்கா பதறிவிட்டாள். “அடியே, ஓட்டம் ஓட வந்தவ ஒதுங்கி நிக்கா பாரு! ஓடுட்டி!”

“நீ போக்கா மொத, சரிவுல நிக்காத.”

“ஒன் தங்கச்சிக்குக் கிறுக்கால பிடிச்சிருக்கு?” என்று முத்தம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள். அதற்குள் பின்னால் வந்தவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவரும் ஒதுங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் முத்தம்மாவைத் தோளால் இடித்துக்கொண்டு ஏறினான். சாக்கு சரிந்து கொழுந்து பாதையெங்கும் கொட்டியது. “ஸாரி ஆன்ட்டி” என்றான், திரும்பிப் பார்க்காமல். அவன் பின்னால் வந்த மூன்று பெண்கள் அந்தக் கொழுந்தை மிதித்துக்கொண்டே ஓடினார்கள். கடைசிச் சுமை தாண்டும்வரை செல்வி நின்றாள். அதன்பிறகு ஓடி நான்காவதாக வந்தாள்.

கோச் நல்ல மனிதர்தான். “மோளே, நீ எந்தினா அவிடெ நின்னது?” என்று, அவள் ஏன் நின்றாள் என்பது புரியாமல் கேட்டார்.

“சொமை வந்துச்சு சார்.”

நான் மலையாளத்தில் விளக்கினேன். பாதை, சாக்கு, சரிவு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவள் தோளைத் தட்டி, “ஸாரமில்லா. அடுத்த தவண ஸ்டாமினா நோக்கணும்” என்றார். பரவாயில்லை, அடுத்த தடவை மூச்சுப் பலத்தைக் கவனி என்று அர்த்தம். மேடையில் அந்தக் கறுப்புக் கண்ணாடி, மலைமக்களின் எளிமையைப் பற்றி மைக்கில் உருகிக்கொண்டிருந்தான். அவன் ஷூவில் கொழுந்து ஒட்டியிருந்தது.

செல்வி இப்போது எங்கள் மலையிலேயே மாட்டுப்பட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு சாகச விளையாட்டுப் பூங்காவில் வேலை செய்கிறாள். கம்பியில் தொங்கிப் பறக்க வருகிறவர்களுக்கு இடுப்பில் வார் கட்டிவிடுகிற வேலை. “விழவே மாட்டீங்கன்னு சொல்லித்தான் கட்டுதேன். அப்பவும் அம்மான்னு அலறுதானுவ. எறங்குனதும் அவனுவளுக்கு வீரன்னு ஒரு சர்டிபிகேட் வேற” என்று போனில் சிரிக்கிறாள். அவள் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

என் பள்ளிப் பெண்கள் அடுத்த மாதம் போட்டிக்குப் போகிறார்கள். மைதானம் போதாதென்று வாய்க்கால் கரையில் ஓடவிடுகிறேன். இன்று காலை அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு வந்தார். என் கால் என்னைக் கேட்கவில்லை. கரைச் சரிவில் இறங்கிவிட்டது. நடந்துகொண்டிருந்த நாச்சிமுத்துவை அப்போதுதான் எட்டியிருந்தேன். அவர் ஒதுங்கவில்லை.

“ஏனுங்க மாஷே, நின்னு போட்டீங்க? கால் புடிச்சுக்கிச்சுங்களா?”

புல்லுக்கட்டு அவர்மேல் உரசி ஆடியது. அவர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

பின்னால் என் பெண்களின் காலடிச் சத்தம் நெருங்கியது. புல்லுக்கட்டு அவர்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் வருகிறவள் செல்வியைப் போலவே நன்றாக ஓடுகிறவள். வாயில் விசிலைக் கவ்விக்கொண்டு, ஒரு கால் கரையிலும் ஒரு கால் வாய்க்கால் சேற்றிலுமாக நின்றேன். அவள் ஒதுங்க வேண்டும் என்றும் இருந்தது, ஒதுங்கக் கூடாது என்றும் இருந்தது. விசில் ஊதினால் நின்றுவிடுவாள். ஊதவில்லை.