சமையற்காரிக்கு மார்க் கிடையாது

இத்தனை வருஷம் கழித்தும் அந்த விடைத்தாளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான்கு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லாத குண்டுக் கையெழுத்து. நான்கு பக்கத்தின் குறுக்கேயும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, கடைசியில் ஒரு சைபர். சைபரின் கீழே, “கேட்டது முதன்மைப் பாத்திரம்” என்று ஒரு குறிப்பு. அடக் கடவுளே, அந்தப் பெண் எழுதியிருந்ததும் அதைத்தானே!

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து பாடப் புத்தகத்தில் உட்காரும், மூடினால் நாற்பத்தைந்து பெண்களும் நானும் வேர்த்து ஒழுகுவோம். பதினோராம் வகுப்புக்குத் துணைப்பாடமாக ஒரு நாவல் வைத்திருந்தார்கள். ஒரு பெரிய வீடு, சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பி. அண்ணன் மாடியில், தம்பி பின்கட்டில். இரண்டு பக்கத்துக்கும் சாப்பாடு கொண்டுபோக ஒரு சமையற்காரி. ஆசிரியர் அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

நாவலை யாரும் படிக்கவில்லை, நோட்ஸைத்தான் படித்தார்கள். அண்ணனுக்குப் பத்து பாயிண்ட், தம்பிக்கு எட்டு, அண்ணிக்கு ஐந்து. சமையற்காரி ‘ஏனையோர்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி. ஒருநாள் வகுப்பில், “அண்ணன் கண்டிப்பானவர்னு எதை வச்சுச் சொல்றே?” என்று ஒருத்தியைக் கேட்டேன். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

“நோட்ஸ்ல கீது டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே நோட்ஸை எல்லாம் பையில் போடச் சொல்லிவிட்டேன்.

கதைக்கு வரைபடம் போடலாம் என்று தோன்றியது அப்போதுதான். சார்ட் தாள் வாங்கப் பள்ளியில் காசு கேட்டால் முகம் சுளிப்பார்கள். பெண்கள் காலி சிமெண்ட் பைகளைக் கொண்டுவந்தார்கள். வெளித்தாளை உரித்து எறிந்துவிட்டால் உள்ளே சுத்தமான பழுப்புத் தாள் இருக்கும். நான்கைந்தை ஒட்டித் தரையில் விரித்தோம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம். இரண்டு பேர் நேருக்கு நேர் பேசினால் மட்டும் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. பேசியது எந்தப் பக்கத்தில் என்று காட்டினால்தான் கோடு போடலாம், நோட்ஸைக் காட்டினால் போட முடியாது. அந்த ஒரு விதிக்காகவே அவர்கள் நாவலைப் புரட்ட ஆரம்பித்தார்கள். பக்க எண்ணுக்காக அடித்துக்கொள்ளாத குறை.

மூன்று நாளில் படம் முடிந்தது. பார்த்தால், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே கோடே இல்லை! முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எல்லாக் கோடுகளும் மூலையில் கிடந்த ஒரு சின்ன வட்டத்துக்குள் போய் விழுந்தன. அது சமையற்காரி. நான்கு வருஷமாக அந்த நாவலை நடத்தினவள் நான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். அதிகம் வாய் திறக்காதவள். அப்பா துறைமுகத்தில் வேலை. அவள் குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இவங்க சிக்னல்காரரு மாதிரி டீச்சர்” என்றாள்.

“யாரு?”

“எங்க நைனா ஹார்பர்ல சிக்னல் காட்றாரு. மேல மூட்டை தூக்குற வின்ச்சு ஓட்றவருக்குக் கப்பலுக்குள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாது. உள்ள கீறவங்களுக்கு அவரு மூஞ்சி தெரியாது. எங்க நைனா நடுவுல நின்னுகினு கையக் காட்டுவாரு. அவரு கையப் பாத்துத்தான் மூட்டை ஏறும், எறங்கும். இந்த அண்ணன் தம்பியும் அப்டித்தான். இந்தச் சமையக்காரம்மா கைலதான் வூடே கீது.”

உடனே நாவலைப் புரட்டிப் பார்த்தேன். அண்ணன், “அவன் நாசமாப் போகட்டும்” என்று சொன்னால், சமையற்காரி பின்கட்டுக்குப் போய், “சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு” என்று சொல்வாள். கதை முழுக்க அதுதான் அவள் வேலை. அப்படியானால் கடைசியில் தம்பி கத்தி எடுப்பது ஏன் என்று கேட்டேன். நோட்ஸில் அதற்கு ‘ஊழ்வினை’ என்று போட்டிருந்தது.

“கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி மூணு நாளு சமையக்காரம்மாவுக்கு ஜொரம் டீச்சர். வரல. சிக்னல்காரரு டீ குடிக்கப் போனா வின்ச்ச நிறுத்திப்புடுவாங்க. இந்த வூட்ல நிறுத்தல. அதான்.”

அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன். பழுப்புத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டினோம். மறுநாளே தலைமையாசிரியை அதைக் கழற்றச் சொன்னார். சுவரில் சிமெண்ட் வாடை வருகிறதாம். கழற்றிச் சுருட்டி என் மேஜைக்கு அடியில் வைத்தேன்.

அப்புறம் செலக்ஷன் பரீட்சை. அதில் தேறினால்தான் எஸ்.எஸ்.எல்.சி.க்கு அனுப்புவார்கள். தேறாதவளை அனுப்பாவிட்டால் பள்ளிக்கு முழு ரிசல்ட், பெருமை. தமிழ்த் தாளைத் தலைமையாசிரியையே திருத்தினார். ‘இந்நாவலின் முதன்மைப் பாத்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை வரைக’ என்பது கேள்வி. கேட்டது அவ்வளவுதான், அண்ணன் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் சமையற்காரியை எழுதினாள், பக்க எண்களோடு எழுதினாள். அந்த ஒரு சைபரால் தமிழில் பெயில்.

பெயில் என்றால் அவளுக்கு இன்னொரு வருஷம் என்று அர்த்தமில்லை, அதோடு முடிந்தது. காசிமேட்டில் அத்தை வேலை செய்யும் இறால் உரிக்கும் கொட்டகையில் இடம் தயாராக இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து நர்ஸ் டிரெயினிங் சேர வேண்டும் என்று என்னிடம் அவள் ஒரே ஒருதரம் சொல்லியிருக்கிறாள், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். வாயிலில் நின்று அனுமதி கேட்டதாக ஞாபகம் இல்லை.

“மேடம், இதுல என்ன தப்பு?”

“முதன்மைப் பாத்திரம் அண்ணன். சமையற்காரியை எழுதி வச்சிருக்கா.”

“அண்ணன்தான்னு யார் சொன்னது?”

“என்னம்மா கேள்வி இது? எல்லா நோட்ஸ்லயும் இருக்கு.”

நோட்ஸ்ல கீது டீச்சர்! பதினாறு வயசுப் பெண் சொன்னால் சிரிக்கலாம், தமிழ் எம்.ஏ. படித்தவர் சொன்னால் என்ன செய்வது? எனக்குக் காது கொதித்தது. நாவலைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“பப்ளிக்ல பேப்பர் திருத்தறவர் உங்க படத்தை வந்து பாக்கப்போறாரா? கட்டுக் கட்டா கிடக்கும். பாயிண்ட் இருக்கான்னு பாப்பார், இல்லேன்னா கோடு போடுவார். நானும் திருத்தியிருக்கேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அவள் அப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள், பெண்ணை நிறுத்திக்கொள்வதாகக் கையெழுத்துப் போட. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் மாதா டாலர், கைகள் மட்டும் பெரிசு. நான் மேஜைக்கு அடியில் கிடந்த சுருளை எடுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியையின் மேஜைமேல் விரித்தேன். எந்த வட்டம் யார் என்று அவருக்குச் சொன்னேன். சமையற்காரியின் வட்டத்தில் அவர் விரலை வைத்தார்.

“இந்தப் பொம்பளதான நடுவுல நிக்கிறது? இது கையத் தப்பா காட்னா மேல கீறவனும் காலி, கீழ கீறவனும் காலி. இத்த எழுதினதுக்கா சைபரு?”

“நீங்க கதையைப் படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. இந்த வேலை தெரியும்.”

பிறகு தலைமையாசிரியை ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். அனுப்புகிறேன், ஆனால் பப்ளிக்கில் நோட்ஸில் உள்ளபடிதான் எழுதுவாள் என்று நீங்கள் எழுத்தில் தர வேண்டும், ரிசல்ட் போனால் பொறுப்பு உங்களுடையது என்றார். மாட்டேன் என்று எழுந்தேன். அப்பா என்னைக் கும்பிட்டார்.

“சண்டை வாணாம் டீச்சரம்மா. எழுதிக் குட்த்துடுங்கோ. பொண்ணு பாஸ் பண்ணாப் போதும்.”

மறுபடி உட்கார்ந்தேன். எழுதிக் கொடுத்தேன்.

அதிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் அவளை நிற்கவைத்துப் பத்து பாயிண்டையும் ஒப்பிக்கச் சொன்னேன். “ஒன்று, கண்டிப்பு மிக்கவர். இரண்டு, குலப்பெருமை காப்பவர்.” மனப்பாடம் அவளுக்குச் சுலபமாகவே வந்தது. ஒருநாள் ஏழாவது பாயிண்டில் நின்றுவிட்டாள்.

“டீச்சர், இதுல நம்ப சமையக்காரம்மா எங்க கீறாங்க?”

“இல்லே. பரீட்சைக்கு அவங்க இல்லே. அவங்களைப் பத்தி ஒரு வரிகூட எழுதக் கூடாது, புரிஞ்சுதா?”

கத்தியே விட்டேன். அவள் தலையாட்டிவிட்டு எட்டாவது பாயிண்டைச் சொன்னாள்.

ரிசல்ட் வந்த அன்று காலையில் நான் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள். கையில் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம், மூச்சு வாங்கியது. பாஸ். தமிழில் நல்ல மார்க். முதலில் என் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தாள்.

“அதே கேள்விதான் டீச்சர் வந்துச்சு! பத்து பாயிண்டும் எழுதிட்டேன். அந்தம்மாவப் பத்தி ஒரு வரிகூட எழுதல டீச்சர். நீங்க சொன்னா மாதிரியே.”

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. “நல்லது கண்ணு” என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. தலைமையாசிரியை ஊரில் இல்லை. வாசலில் நான்தான் நின்றிருந்தேன்.